முறுக்கு டப்பாவும் மூக்குக்கு மேல் கோபமும்

தீபாவளி முடிந்து வந்த கடிதக் கட்டில் பாதி சாப்பாட்டைப் பற்றி, மீதி கோபத்தைப் பற்றி. படிக்கப் படிக்க எல்லாமே ஒரே வீட்டிலிருந்து வந்த கடிதங்களோ என்று தோன்றியது. அதனால் இந்த இதழில் இரண்டையும் சேர்த்தே பேசிவிடுவோம்.

கேள்வி: எனக்கு 41 வயது, தனியார் பள்ளி ஆசிரியை. காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லோருக்கும் டிபன் செய்து, மதியச் சாப்பாடும் கட்டிக்கொடுத்துவிட்டு நான் ஒரு காபியோடு ஓடுகிறேன். மதியம் டயட் என்று இரண்டு சப்பாத்தி. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்ததும், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் முறுக்கு டப்பாவைத் திறந்துவிடுகிறேன். நின்றபடியே ஆறேழு முறுக்கு, அப்புறம் பிஸ்கட், சில நாள் மிக்சரும். முடிக்கும்போது என் மேலேயே வெறுப்பு வருகிறது. அந்த நேரம் பார்த்துப் பையன் வந்து நோட்டு வேண்டும் என்று கேட்டால் வள்ளென்று விழுகிறேன். மாமியார் குத்தலாக ஏதாவது சொன்னால் பதிலே பேசமாட்டேன், ஆனால் எல்லோரும் தூங்கிய பிறகு ஃபிரிட்ஜைத் திறக்கிறேன். தோழி ஒருத்தி மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது கவனப் பயிற்சி, ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். இருபது நிமிடம் உட்காரச் சொல்கிறது, ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தத் தூக்கம். விடிவதற்கு முன்னால் எழுந்து, வீட்டுக்கும் பள்ளிக்குமாக ஓடிக்கொண்டே இருக்கிற உடம்பு கண்ணை மூடி உட்கார்ந்தால் தூங்கத்தான் செய்யும். இதில் மனக்கட்டுப்பாடு எங்கே வந்தது? ஆப்பை இப்போதைக்கு அழித்துவிடுங்கள்.

அடுத்து, நீங்களே எழுதிய கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். காலையில் காபி, மதியம் இரண்டு சப்பாத்தி, அதற்கப்புறம் ஐந்தரை வரை ஒன்றும் இல்லை, நடுவில் ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற வேலை வேறு. நீங்கள் மனசு சரியில்லாமல் சாப்பிடுவதாக நினைக்கிறீர்கள், இருக்கலாம், ஆனால் அதில் பாதி வெறும் பசி. எரிச்சலிலும் பசிக்குப் பங்கு உண்டு. 1944–45இல், உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடுதான், ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். பஞ்சத்தில் அடிபட்ட மக்களை எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று கண்டுபிடிக்க நடந்த ஆய்வு அது. உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்துப் பொறுக்கி எடுத்த பையன்கள். அவர்கள் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழ ஆரம்பித்தார்கள், ஒருவர் சாப்பிடுகிற விதம் இன்னொருவருக்குப் பிடிக்காமல் போனது, எந்நேரமும் சோற்று நினைப்பு, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு சிலரால் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியவில்லை. உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை, ஆனால் திசை அதுதான்.

அதனால் என் முதல் யோசனையில் மைண்ட்ஃபுல்னெஸே கிடையாது. எல்லோருக்கும் ஊற்றுகிற இட்லியில் நான்கு உங்களுக்கும். மதியம் சப்பாத்தியோடு பருப்போ முட்டையோ கூடக் கொஞ்சம். மூன்றரை மணி வாக்கில், கடைசிப் பீரியடுக்கு முன்னால், ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ ஒரு வாழைப்பழமோ. இதைச் செய்யாமல் கண்ணை மூடி மூச்சைக் கவனித்து ஒரு பிரயோசனமும் இல்லை.

"டயட்" என்ற அந்தச் சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜேனட் பாலிவி, பீட்டர் ஹெர்மன் என்று இரண்டு உளவியலாளர்கள் 1970களிலிருந்து இதையே தோண்டிக்கொண்டிருந்தவர்கள். டயட்டில் இருக்கிறவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு அப்புறம் ஐஸ்கிரீம் கிண்ணங்களை முன்னால் வைத்தால், அவர்கள் மில்க்‌ஷேக் குடிக்காத டயட்காரர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். "போச்சு, இன்னைக்கு விரதம் கெட்டாச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்கிற மனசு. இரண்டாவது முறுக்குக்கும் ஏழாவது முறுக்குக்கும் நடுவில் உங்களிடமும் இந்த வசனம் ஓடுகிறதா என்று நாளைக்குக் கவனியுங்கள்.

சரி, வயிற்றுக்குச் சோறு போட்ட பிறகும் மிச்சம் இருக்கிற பாதிக்கு வருவோம். கவனப் பயிற்சி வேலை செய்வது அந்த இடத்தில்தான், அதற்கு இருபது நிமிடம் தேவையில்லை. கதவைத் திறந்ததிலிருந்து டப்பாவின் மூடியைத் திறக்கிற வரைக்கும் ஒரு நிமிடம் இருக்கிறதே, அது போதும். சமையலறைக்குள் போகும் முன் கூடத்தில் உட்காருங்கள். பையைக் கீழே வையுங்கள், கை கால் கழுவுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிறகு மூன்று மூச்சு, இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். அப்புறம் உங்களையே ஒரு கேள்வி: இப்போது என்ன? பசியா, அசதியா, எச்.எம். பேசியது இன்னும் உறுத்துகிறதா, மாமியார் என்ன சொல்லப்போகிறாரோ என்ற படபடப்பா? பதிலை வாய்க்குள் முணுமுணுத்தாலே போதும். "கோபமா இருக்கேன்." "பசிக்குது." பேர் வைத்துவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மேன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் இருக்கும் முகத்தின் உணர்ச்சிக்குப் பேர் சொல்லச் சொன்னபோது, மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்கிற பகுதியின் கொந்தளிப்பு குறைந்தது ஸ்கேனில் தெரிந்தது. பேர் வைப்பதால் கோபம் ஓடிவிடாது, கொஞ்சம் தணியும். அந்தக் கொஞ்சம்தான் நமக்கு வேண்டியது.

பதில் "பசி" என்று வந்தால் சாப்பிடுங்கள், முறுக்கே சாப்பிடுங்கள். டப்பாவிலிருந்து நேராக வேண்டாம், அவ்வளவுதான். இரண்டை எடுத்துத் தட்டில் வைத்து, மூடியைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோனைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். முதல் கடியில் சத்தம் எப்படி இருக்கிறது, எள் எங்கே பல்லில் சிக்குகிறது, ஓமம் எப்போது தொண்டையில் ஏறுகிறது, வெண்ணெய் வாசனை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். மூன்றாவது முறுக்கில் அந்தச் சுவை கொஞ்சம் மங்கியிருக்கும். ஒரே சாப்பாட்டைத் தொடர்ந்து சாப்பிடும்போது நாக்குக்கு அதன் மேல் இருக்கிற ஆர்வம் குறைவது எல்லோருக்கும் நடப்பது. நின்றுகொண்டு அள்ளிப் போடும்போது அது நமக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜீன் கிறிஸ்டெல்லர், கட்டுப்பாடில்லாமல் உண்ணும் பிரச்சினை இருந்த 18 பெண்களோடு ஒரு சின்ன முன்னோட்ட ஆய்வு நடத்தி 1999இல் வெளியிட்டார். அவர் உருவாக்கிய பயிற்சியில் இந்தச் சுவை மங்குகிற புள்ளியைக் கண்டுபிடிப்பது ஒரு முக்கியமான பாடம். பிடித்த பண்டத்தை விடச் சொல்வதில்லை, நன்றாக ருசித்துச் சாப்பிடத்தான் சொல்லித்தருகிறார்கள்.

"கோபம்" என்று பதில் வந்தால்? அப்போதும் சாப்பிடத் தோன்றும். உடனே போராடாதீர்கள். இந்த வேட்கை அலை மாதிரி, ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் போதைப் பழக்கத்தை ஆராய்ந்த ஆலன் மார்லட் சொல்வார். எங்கே ஏறுகிறது என்று உடம்பில் பாருங்கள், தாடை இறுகியிருக்கிறதா, தோள்பட்டை காதுவரை தூக்கிக்கொண்டிருக்கிறதா, வாயில் எச்சில் ஊறுகிறதா. பத்து நிமிடம் மொட்டைமாடிக்குப் போங்கள், துணியை மடியுங்கள். அதற்கப்புறமும் வேண்டும் என்றால் சாப்பிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

பையன் நோட்டு கேட்கிற நேரம் இருக்கிறதே, அதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். "அம்மாவுக்கு ஒரு பத்து நிமிஷம் குடு, அப்புறம் கேக்கறேன்." அவனிடம் ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருக்கும்போதே சொல்லிவையுங்கள், வந்ததும் பத்து நிமிடம் எனக்கு என்று. பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள், பெரியவர்கள்தான் கஷ்டம். கத்திவிட்ட நாளில் அரைமணி கழித்துப் போய் "உன் மேல கோபம் இல்லடா, பசியில கத்திட்டேன்" என்று சொல்லுங்கள். ஃபிரிட்ஜுக்குள் தலையை விடுவதைவிட அது மனசை லேசாக்கும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் கடிதத்தில் கணவர் எங்கே? காலை ஐந்து மணி வேலையில் அவருக்குப் பங்கு இருப்பதாக ஒரு வரிகூட இல்லை. நியாயமில்லாத சுமைக்கு வருகிற எரிச்சலை மூச்சுப் பயிற்சியால் விழுங்கிக்கொள்வது மைண்ட்ஃபுல்னெஸ் ஆகாது. எரிச்சலைக் கவனித்தால் அது எதைக் காட்டுகிறது என்று தெரியும். காட்டுகிற இடத்தைப் போய்ச் சரிசெய்ய வேண்டும். காலை டிபனை வாரத்தில் மூன்று நாள் அவர் பார்க்கட்டும். மாமியாரிடம் பேச வேண்டியதையும் அவர் பேசட்டும், அவருடைய அம்மாதானே.

எடை குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்திருப்பீர்கள். இந்தப் பயிற்சிகளைப் பற்றி வந்த ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தவர்கள், மனசு சரியில்லாமல் உண்பதும் கட்டுப்பாடில்லாமல் உண்பதும் குறைகிறது, எடை விஷயத்தில் முடிவுகள் கலவையாக இருக்கின்றன என்றுதான் எழுதினார்கள். எடைக்காக இதை ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் வெறுத்துப்போகும். அப்புறம், 41 வயதில் சிடுசிடுப்பும் அசதியும் சேர்ந்து வந்தால் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் அதிகமாகிறதா என்று காலண்டரில் குறித்துவையுங்கள், மருத்துவரிடம் காட்ட உதவும்.

கேள்வி: மைண்ட்ஃபுல்னெஸ் என்பது நம்ம ஊர்ச் சரக்கு, அதை வெள்ளைக்காரன் பாக்கெட் போட்டு நமக்கே விற்கிறான், நீங்களும் அதற்கு விளம்பரம் செய்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சரக்கு புத்தரிடமிருந்து வந்தது என்பதை அவர்களே மறைப்பதில்லை. ஜான் கபட்-ஜின் என்ற அமெரிக்கர் 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில் இதை ஒரு பயிற்சியாக ஆரம்பித்தபோது, மதச் சாயலைக் குறைத்து, தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கு ஏற்ற மாதிரி அமைத்தார். ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடுவது அந்தப் பயிற்சியில் பிரசித்தம். நம்ம பக்கம் பார்த்தாலும் கதை சுற்றித்தான் வருகிறது. விபாசனா தியானத்தை இந்தியாவில் மறுபடி பரப்பிய கோயங்கா பிறந்தது பர்மாவின் மாண்டலேயில், கற்றுக்கொண்டது ஊ பா கின் என்ற பர்மிய அரசு அதிகாரியிடம், 1969இல்தான் இந்தியாவுக்கு வந்து சொல்லித்தர ஆரம்பித்தார். அந்தப் பத்து நாள் முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். ஆக, மாதச் சந்தா கட்டி ஆப் வாங்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. வீட்டில் உலர்திராட்சை இருந்தால் போதும், அது இல்லாவிட்டால் மோர்மிளகாய்.

கேள்வி: எனக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. சில நாள் பதினோரு மணி வாக்கில் தலைகால் புரியாத கோபம் வருகிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண்டதையும் எடுத்துத் தின்கிறேன். மனைவி தியானம் பண்ணச் சொல்கிறாள்.
– வாசகர், மதுரை

பதில்: ஐயா, அந்த நேரத்தில் தியானம் வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறி மாதிரி இருக்கிறது. குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வசதி இல்லாவிட்டாலும், 15 கிராம் அளவு, அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தூளையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அகார்போஸ், வோக்ளிபோஸ் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாக ஏறாது, குளுக்கோஸ் தூளே வேண்டும், அதனால் அதை வாங்கிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து மாத்திரை அளவையும் காலைச் சாப்பாட்டு நேரத்தையும் பேசுங்கள். உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள், அவர் கோபக்காரக் கணவருக்குத் தியானம் சொன்னார், தப்பில்லை, ஆனால் அடுத்த தடவை முதலில் மீட்டரை எடுத்துவரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் 16 வயது மகள் அறைக்குள் பிஸ்கட், சாக்லேட் உறைகளை ஒளித்துவைக்கிறாள். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருக்கிறாள். வாந்தி எடுக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பில் சேர்க்கலாமா?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: வகுப்பில் இப்போது சேர்க்க வேண்டாம், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது ஒரு நோய், வேண்டுமென்றே செய்கிற பிடிவாதம் இல்லை, இந்தப் பிள்ளைகளில் பலர் பார்ப்பதற்குச் சாதாரண எடையில் இருப்பார்கள் என்பதால் வீட்டில் யாரும் கண்டுகொள்வதும் இல்லை. அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம், பல் எனாமல் அரித்துப்போகும். குழந்தை மருத்துவரோ பொது மருத்துவரோ முதலில் ரத்தப் பரிசோதனை எடுக்கட்டும், கூடவே மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 14416க்குப் பேசுங்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அதுவரைக்கும் அவள் தட்டைப் பார்த்து "இவ்வளவு போதுமா", "இன்னுமா" என்று ஒரு வார்த்தை வேண்டாம். எடையைப் பற்றி உறவுக்காரர்கள் கிண்டல் செய்தால் அவள் முன்னாலேயே நிறுத்துங்கள். உறைகளை எடுத்து முன்னால் போட்டு விசாரணை நடத்தாதீர்கள். "சாப்பிட்டதுக்கு அப்புறம் உனக்குக் கஷ்டமா இருக்கோன்னு தோணுது, திட்டமாட்டேன், சேர்ந்து டாக்டரைப் பார்க்கலாம்" என்று, இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சொல்லுங்கள். முதல் தடவை கதவைச் சாத்துவாள். இரண்டு நாள் விட்டு மறுபடி சொல்லுங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், சாக வேண்டும் என்ற பேச்சு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: 27 வயது, ஐ.டி. நைட் ஷிஃப்ட். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரியாணியோ பர்கரோ ஆர்டர் போடாமல் வேலை ஓடுவதில்லை. பகலில் நான்கைந்து மணி நேரம்தான் தூக்கம், அம்மா பதினோரு மணிக்குச் சாப்பிட எழுப்பினால் கண்டபடி கத்துகிறேன். மைண்ட்ஃபுல் ஈட்டிங் வீடியோ பார்த்தபடியே பிரியாணியைத் தின்று முடிக்கிறேன். சிரிக்காதீர்கள்.
– வாசகர், சென்னை

பதில்: கொஞ்சம் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் பிரச்சினை தூக்கத்தில் ஆரம்பிக்கிறது, பிரியாணி பாவம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை வைத்து நடத்தி 2004இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள், இன்னொரு சுற்றில் பத்து மணி நேரம். குறைவாகத் தூங்கியபோது பசியைக் கிளப்புகிற கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, இனிப்பும் உப்பும் மாவுப் பண்டமும்தான் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டே ராத்திரிக்கு இந்தக் கதி. நீங்கள் நாள்தோறும் இப்படி இருக்கிறீர்கள், இரண்டு மணிக்குச் சாலட் வேண்டும் என்று உடம்பு கேட்குமா?

ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு முழுச் சாப்பாடு, வயிறு கனக்காத அளவுக்கு. இரண்டு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும், அதற்கு வீட்டிலிருந்து தயிர்சாதமோ, இரண்டு அவித்த முட்டையோ டப்பாவில் போகட்டும். வாரத்தில் ஒருநாள் பிரியாணி என்று வைத்துக்கொண்டால் அன்றைக்கு அதை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், ஸ்க்ரீனைவிட்டு எழுந்து பேன்ட்ரிக்குப் போய், வீடியோ இல்லாமல், முதல் ஐந்து வாயையாவது மென்று. மசாலாவும் அரிசியும் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே அப்போதுதான் தெரியும். மற்ற நாளில் ஆப்பைத் திறந்தால், கார்ட்டில் போட்டுவிட்டு ஆர்டர் போடாமல் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வாருங்கள். திரும்பி வரும்போது "வேணுமா, போர் அடிக்குதா, இல்ல அந்தக் கிளையன்ட் மெயில் கடுப்பேத்துதா" என்று ஒரு கேள்வி. போர்தான் என்றால் பக்கத்து சீட் நண்பரோடு ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் காபி வேண்டாம், விடிந்து வீட்டுக்குப் போனதும் ஜன்னலுக்குக் கனமான திரை, ஃபோன் வேறு அறையில். அம்மாவுக்குப் பதினோரு மணி என்பது உங்களுக்கு நடுராத்திரி என்று என்றைக்காவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்களா? பிள்ளை பட்டினியாகத் தூங்குகிறானே என்றுதான் அவர் எழுப்புகிறார். மூன்று மணிக்கு எழுந்து உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள், அதற்குமுன் எழுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள், கதவிலும் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் வாரம் அவர் மறந்து எழுப்பத்தான் செய்வார். அப்போது கத்த வாய் வரும் முன்னால் புரண்டு படுத்து, "மூணு மணிம்மா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இரண்டு மாதம் இப்படி இருந்தும் தூக்கம் ஆறேழு மணி நேரத்தைத் தொடவில்லை என்றால், ஷிஃப்டை மாற்றித்தரச் சொல்லி மேனேஜரிடம் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.